மானின் பேரால்: அமெரிக்க வேட்டைக்காரரும் கயோட்டியும்

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடொன்றிலே, நவம்பர் மாதத்து விடியற்காலையில், மரத்திற் கட்டிய பரண்மீது வேட்டைக்காரன் ஒருவன் துப்பாக்கியுடன் காத்திருக்கிறான். அவன் எதிர்பார்த்திருப்பது வெண்வால் மானை. ஆயின் பனி படிந்த சருகின்மேல் ஓசையின்றி வந்து நிற்பது மானன்று. ஓநாயினும் சிறியதாய், நரியினும் பெரியதாய், சாம்பல் நிறமும் கூர்ந்த முகமும் கொண்ட கயோட்டி என்னும் விலங்கு. மானைச் சுடுவதற்கு அவன் அனுமதிச்சீட்டுப் பெறல் வேண்டும். அதற்குப் பருவ வரையறையும் தொகை வரையறையும் உண்டு. கயோட்டிக்கோ பல மாநிலங்களிற் பருவமுமில்லை, தொகையுமில்லை. ஆண்டு முழுவதும் எவ்வளவும் சுடலாம். ஆகவே சுடுவதா விடுவதா என்பது அங்கே சட்டத்தின்பாற்பட்ட வினாவன்று, அறிவின்பாற்பட்ட வினா.

இவ்வினாவுக்கு மான் வேட்டைக்காரருட் பெரும்பாலோர் தயங்காது விடை கூறுவர். கயோட்டி மான்கன்றுகளைத் தின்கிறது. ஆகவே ஒரு கயோட்டியைக் கொன்றவன் சில மான்கன்றுகளைக் காத்தவன் ஆகிறான் என்பது அவர்தம் கணக்கு. கேட்டவுடன் ஒப்புக்கொள்ளத்தக்கதாய்த் தோன்றும் இக்கணக்கே இங்கு எடுத்து ஆராயப்படுகின்றது. அதன் முதற் கூற்று மெய். அதிலிருந்து பெறப்படும் முடிவு பொய். மெய்யிலிருந்து பொய் பிறக்கும் வகை எவ்வாறு என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கயோட்டி என்னும் பெயர் மெக்சிக்கோவின் நாவட்டில் மொழியிலிருந்து ஸ்பானியர் வழியாக வந்தது. அவ்விலங்குக்கு 1823இல் விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் தோமஸ் சே என்னும் இயற்கையறிஞர். அக்காலத்தில் அது கண்டத்தின் மேற்குப் பகுதியிலும் நடுவிலுள்ள புல்வெளிகளிலுமே பெரும்பாலும் வாழ்ந்தது. கிழக்குக் காடுகளை ஓநாயும் மலைச்சிங்கமும் ஆண்டன. குடியேறிய வெள்ளையர் கோடரியாற் காட்டையும், நஞ்சாலும் பொறியாலும் ஓநாயையும் அழித்தனர். வெற்றிடமாகக் கிடந்த அந்நாட்டிற் கயோட்டி மெல்ல மெல்லக் குடிபுகுந்தது. இன்று ஹவாய் நீங்கலாக அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் அது வாழ்கின்றது. தென் கரோலைனா மாநிலத்துக்கு 1978 அளவில் அதனை முதலிற் கொணர்ந்தவர், நாய்களை ஏவித் துரத்தி மகிழ்வதற்காகச் சட்டத்துக்கு மாறாக இறக்குமதி செய்த வேட்டைக்காரரே. பின்னர் மேற்கிலிருந்து தானாகப் பரவிவந்த கூட்டமும் அதனோடு சேர்ந்துகொண்டது. எனவே கயோட்டியை 'வந்தேறி' என்று பழிப்போர், வாயிலைத் திறந்துவிட்டவர் யாவர் என்பதையும் கூறக் கடமைப்பட்டவராவர்.

அரசு இவ்விலங்கின்மீது தொடுத்த போர் சிறியதன்று. 1931இல் அமெரிக்கக் கொங்கிரஸ் இயற்றிய சட்டமொன்று, கால்நடைக்கும் வேட்டை விலங்குக்கும் ஊறு செய்யும் உயிர்களை ஒழிக்கும் பொறுப்பைக் கூட்டாட்சி அரசிடம் ஒப்படைத்தது. பொறியும் துப்பாக்கியும் நஞ்சும் பயன்பட்டன. பின்னர் விமானமும் பயன்பட்டது. 1080 எனப்படும் கொடிய நஞ்சு பல ஆண்டுகளாகக் கூட்டாட்சி நிலங்களிலே இரையில் ஊட்டி வைக்கப்பட்டது. 1972இலேயே அதற்கு அதிபர் நிக்சனின் ஆணையாற் கட்டுப்பாடு வந்தது. அண்மைய ஆண்டுகளிலுங்கூடக் கூட்டாட்சி நிறுவனம் ஒன்று மாத்திரம் ஆண்டுதோறும் கொல்லும் கயோட்டிகளின் தொகை அறுபதினாயிரம் அளவினது. தனிப்பட்டோர் கொல்வன இதனிற் சேரா. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் போரின் பயன் யாது? போர் தொடங்கியபோது கண்டத்தின் ஒரு பகுதியில் இருந்த விலங்கு, இன்று கண்டம் முழுவதும் இருக்கின்றது.

இத்தோல்விக்குக் காரணம் துப்பாக்கியின் குறையன்று, கயோட்டியின் வாழ்வியல். ஆணும் பெண்ணுமாகிய இணையொன்று தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அதனைக் காத்து வாழும். எல்லையற்ற இளங்கயோட்டிகளோ நாடோடிகளாய் அலைந்து திரியும். காவலிணை கொல்லப்படின் அந்த நாடோடிகள் சில கிழமைகளிலேயே வெற்றிடத்தை நிரப்பிவிடும். குடித்தொகை குறைந்து இரை மிகுமிடத்துப் பெண் கயோட்டிகள் இளவயதிலேயே ஈனும். ஈற்றொன்றுக்குரிய குட்டிகளின் தொகையுங் கூடும். 1975இல் கொனொலி, லோங்ஹேர்ஸ்ற் என்னும் ஆய்வாளர் இருவர் செய்த கணிப்பின்படி, ஆண்டுதோறும் கயோட்டிகளில் நூற்றுக்கு 75 வீதத்தைக் கொன்றாலும் அக்குடித்தொகை அற்றுப்போக ஐம்பது ஆண்டுகளுக்கு மேற் செல்லும். பரணிலிருந்து ஆண்டில் ஒன்றிரண்டைச் சுடும் வேட்டைக்காரன் எத்துணை வீதத்தைக் கொல்கிறான் என்பதை அவனே எண்ணிப் பார்க்கலாம்.

இனி, வேட்டைக்காரரின் வழக்கை அதன் வலிமை முழுவதோடும் எடுத்துக்கொள்ளல் முறையாகும். கயோட்டி எலியையும் முயலையும் பழத்தையும் மாத்திரம் தின்னும் சாதுவான உயிர் என்று நகரத்து விலங்கன்பர் சிலர் கூறுவர். அது மெய்யன்று. தென் கரோலைனாவிலே, அணு ஆயுதத் தொழிலுக்காக ஒதுக்கப்பட்ட சவன்னா ஆற்றுத் தளத்தில், ஜோன் கில்கோவும் அவர்தம் குழுவினரும் 2006 முதல் 2009 வரை 91 மான்கன்றுகளுக்கு வானொலிக் கருவி பூட்டிக் கண்காணித்தனர். பதினாறு வாரம்வரை பிழைத்தவை நான்கிலொரு பங்குக்குங் குறைவு. இறந்தவற்றுட் பெரும்பகுதியின் சாவுக்குக் கயோட்டியே காரணம் எனக் கண்டனர். இது மறுக்கவொண்ணாத சான்று. இதனை மறைத்துப் பேசுபவர் கயோட்டிக்கு நன்மை செய்பவரல்லர். நேர்மையான வழக்கைப் பொய்ச்சாட்சியாற் கெடுப்பவராவர்.

ஆனால் வேட்டைக்காரர் இவ்வாய்வின் முதற்பாகத்தைப் படித்து நிறுத்திக்கொள்கின்றனர். இரண்டாம் பாகமும் உண்டு. அதே ஆய்வாளர் அதே தளத்திலே, 2010 முதல் 2012 வரை மூன்று பருவங்கள், கைதேர்ந்த பொறிகாரரைக் கொண்டு நானூற்றுக்கு மேற்பட்ட கயோட்டிகளை அகற்றினர். முதலாண்டிற் பிழைத்த கன்றுகளின் வீதம் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. இரண்டாமாண்டில், அகற்றுதல் தொடர்ந்தும், அது பழைய நிலைக்கே வீழ்ந்தது. மூன்றாமாண்டில் மீண்டும் ஓரளவு உயர்ந்தது. இத்துணை உழைப்பும் செலவும் இட்டும் நிலையான பயன் காணப்படவில்லை. கயோட்டியைக் கொல்வதிலும், பிணைமான்களைச் சுடும் தொகையைக் குறைப்பதே மான் தொகையைப் பேணுதற்குத் தக்க வழி என்னும் முடிவுக்கே அவர்கள் வந்தனர். கயோட்டியின் குற்றத்தை நிறுவிய அதே கைகளே, தூக்குத் தண்டனை பயனற்றது என்றும் எழுதின.

காலக் கணக்கையும் இங்கு நோக்குதல் வேண்டும். மான்கன்றுகள் பிறப்பது பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில். அவை கயோட்டியிடம் அகப்படும் ஆபத்து மிகுந்திருப்பது பிறந்த முதற் சில வாரங்களிலே. வளர்ந்த மானைக் கயோட்டி வீழ்த்துவது, ஆழ்ந்த பனியில் அது அமிழ்ந்து நிற்கும் வடபுலங்களில் நிகழ்வதுண்டெனினும், ஏனைய இடங்களில் அரிது. மான் வேட்டைப் பருவமோ இலையுதிர்காலத்தது. நவம்பரிற் பரணின் கீழே நடந்து செல்லும் கயோட்டி பல வேளைகளில் அவ்வாண்டு பிறந்து, தாய்நிலம் விட்டு எல்லை தேடித் திரியும் இளவிலங்கு. அது சுடப்படாவிடினும் வசந்தம்வரை வாழும் என்பது உறுதியன்று. சுடப்பட்டாலோ அதன் இடத்தை வசந்தத்துக்கு முன்னரே மற்றொன்று நிரப்பிவிடும். மான்கன்றைக் காக்க வேண்டின், கன்றீனும் பருவத்துக்குச் சற்று முன்னர், பரந்த நிலப்பரப்பில், ஆண்டுதோறும், இடைவிடாது பொறி வைத்தல் வேண்டும். அதனை எந்த மான் வேட்டைக்காரனும் செய்வதில்லை. அவன் செய்வது வேறொரு பருவத்தில், வேறொரு நோக்கத்துக்காக அமர்ந்திருக்கையில், கண்ணிற் பட்டதைச் சுடுவதே. இதனை 'மான் பாதுகாப்பு' என்றழைப்பது, கோடையில் வரும் வெள்ளத்துக்கு மாரியில் ஒரு கல்லை எறிந்துவிட்டு அணை கட்டியதாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

பரந்த நிலப்பரப்பில் நடந்த ஆய்வுகளும் இதனையே உணர்த்துகின்றன. ஐடஹோ மாநிலத்தின் தென்கிழக்கில் 1997 முதல் 2003 வரை, மேற்கு நாட்டு மியூல் மானின் பொருட்டுக் கயோட்டிகள் பெருந்தொகையாக அகற்றப்பட்டன. மானின் குடித்தொகை வளர்ச்சியில் அதனாற் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. குளிர்காலத்தின் கடுமையே மானின் வாழ்வையும் சாவையும் பெரிதும் தீர்மானித்தது. 2019இல் வெளிவந்த ஆய்வொன்று, கிழக்கிலுள்ள ஆறு மாநிலங்களின் 384 மாவட்டங்களில் 1981 முதல் 2014 வரையிலான வேட்டைப் பதிவுகளை எடுத்து நோக்கியது. கயோட்டியின் வருகையால் அப்பரப்பில் மான் தொகை குன்றியதற்குச் சான்றில்லை என்றது. கில்கோ முதலானோர் அம்முடிவை ஏற்காது எதிர்வாதம் எழுதினர். இடத்துக்கிடம் நிலைமை வேறுபடும் என்பது அவர் கருத்து. அறிஞரிடை இவ்வேறுபாடு உண்டெனினும், கண்ட இடத்திற் கயோட்டியைச் சுட்டால் மான் பெருகும் என்பதற்கு இரு சாராரிடமும் ஆதாரமில்லை.

மான் குறைந்த இடத்திற் செய்யத்தக்கது யாது? வேட்டைக்காரனின் கைக்குள்ளே இருக்கும் மருந்து ஒன்றுண்டு. கன்றீனும் பிணைமானைச் சுடாது விடுதலே அது. தென் கரோலைனா அரசு 2017இல் சுடப்படும் மான் ஒவ்வொன்றுக்கும் அடையாளச்சீட்டுக் கட்டும் முறையைக் கொணர்ந்தது. அதுவரை கட்டின்றிக் கிடந்த வேட்டைக்கு அது ஒரு கணக்கை ஏற்படுத்தியது. காட்டினடியிற் புதரும் உயர்ந்த புல்லும் வளரவிட்டுக் கன்றுக்கு மறைவிடம் அமைத்தல் இன்னொரு வழி. இவ்விரண்டும் வேட்டைக்காரனிடம் தன்னடக்கத்தையும் உழைப்பையும் வேண்டுவன. கயோட்டியைச் சுடுதல் இவற்றுள் எதனையும் வேண்டாது. விரலை அசைத்தாற் போதும். குற்றத்தைப் பிறிதோர் உயிரின் தலையில் ஏற்றுவது தன் பங்கைக் குறைத்துக்கொள்வதினும் எளிது. அவ்வெளிமையே இவ்வழக்கத்தின் உயிர்நாடி.

ஓநாய் அற்றுப்போன நாட்டில் அதன் இடத்தை வேட்டைக்காரனே ஏற்றுள்ளான். ஆகவே வேறு கொன்றுண்ணி அங்கே தேவையில்லை என்று வாதிடுவோரும் உளர். இவ்வாதம் வரலாற்றை மறந்தது. அரிசோனாவின் கைபாப் மேட்டுநிலத்தை 1906இல் தியடோர் ரூஸ்வெல்ற் காப்பிடமாக்கினார். மான் வேட்டை தடுக்கப்பட்டது. மலைச்சிங்கம், கயோட்டி, ஓநாய் முதலியன ஆண்டுதோறும் கொல்லப்பட்டன. மான் பெருகிற்று, தளிரும் புல்லும் அழிந்தன, 1920களின் நடுப்பகுதியில் மான்கள் பட்டினியால் மடிந்தன. அன்று சொல்லப்பட்ட எண்ணிக்கைகள் நம்பத்தக்கனவல்ல என்றும், வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்றும் 1970இல் கிறஹம் கோக்லி எடுத்துக்காட்டினார். அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட பின்னரும், பசித்த மானும் மொட்டையான காடும் எஞ்சி நிற்கின்றன. இளமையிற் கொன்றுண்ணிகளை ஒழிக்க வேண்டுமென்று முழங்கிய வனத்துறை அலுவலரும் வேட்டைக்காரருமான அல்டோ லியபோல்ட், பிற்காலத்தில் அது பிழையென்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1949இல், அவர் இறந்த மறு ஆண்டில், வெளியான நூலில் அவ்வொப்புதல் இடம்பெற்றுள்ளது. தன் பிழையைத் தானே எழுதும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

மேலும், அமெரிக்காவின் பல பகுதிகளில் இன்றுள்ள இடர் மானின் குறைவன்று, மிகுதி. 1900 அளவில் ஐந்து இலட்சமளவிற்குக் குறைந்திருந்த வெண்வால் மான் இன்று மூன்று கோடி அளவினதென மதிப்பிடப்படுகின்றது. இம்மீட்சிக்கு வேட்டைக்காரர் செய்த பங்கு மறக்கற்பாலதன்று. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அவர் செலுத்திய வரியே காட்டுயிர்ப் பேணலுக்குப் பெருந்துணையாயிற்று. ஆயின் மீட்சி எல்லை கடந்தபோது காட்டின் இளமரங்கள் மானின் வாய்க்கு இரையாகி, முதுமரங்களுக்கு வழித்தோன்றலின்றிப் போயின. வீதிகளில் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் மானோடு மோதுவதாகக் காப்புறுதி நிறுவனங்கள் மதிப்பிடுகின்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்து அன்ரிகோஸ்ரித் தீவுக்கு 1890களிற் கொண்டுசெல்லப்பட்ட இருநூறளவான மான்கள், ஓநாயும் கயோட்டியும் இன்மையால் இலட்சத்துக்கு மேற் பெருகின. அத்தீவிற் பழப்புதர்களை மான் தின்று தீர்த்தமையால், அவற்றை நம்பி வாழ்ந்த கரடியினமே அற்றுப்போனதெனக் கூறுவர். கொன்றுண்ணியற்ற காடு மானுக்குச் சொர்க்கமென எண்ணுவோர் அத்தீவை நோக்குக.

இவ்வாதங்களின் அடியில் வேறொரு நினைவு உறைந்து கிடக்கின்றது. 'எங்கள் மான்' என்னும் சொல்லே அதனைக் காட்டிக்கொடுக்கும். வேட்டைக்காரர் உரையாடலிற் கயோட்டி ஒரு திருடன். தமக்குரிய பொருளைக் கவர்வது. ஐரோப்பாவில் மான் மன்னர்க்கும் நிலப்பிரபுக்களுக்கும் உரியதாயிருந்தது. பசிக்கு அதனைக் கொன்ற ஏழை தண்டிக்கப்பட்டான். அம்முறையை உதறித்தள்ளி, காட்டுயிர் எவர்க்கும் தனியுடைமையன்று, மக்கள் அனைவர்க்கும் பொதுவானது என்னும் கோட்பாட்டை நிறுவியதே அமெரிக்க வேட்டை மரபின் பெருமை. அம்மரபின் பேராற் பேசுவோர், பரணில் அமர்ந்தவுடன் பழைய நிலப்பிரபுவின் குரலிற் பேசுவது முரணாகும். மான் அவனுக்கு உரியதாவது சட்டப்படி சுட்டு வீழ்த்திய பின்னரே. அதற்கு முன் அது காட்டுக்குரியது. அக்காட்டிற் கயோட்டியும் ஓர் உறுப்பு.

இந்நினைவு பொதுப்பணத்தையும் தொடுகின்றது. யூற்றா மாநிலம் 2012இல் மியூல் மானைக் காப்பதன் பேராற் சட்டமொன்றை இயற்றி, கொல்லப்படும் கயோட்டி ஒவ்வொன்றுக்கும் 50 டொலர் வழங்க வழிசெய்தது. தென் கரோலைனா 2016இல் சில கயோட்டிகளுக்கு அடையாளமிட்டு விடுத்து, அவற்றைக் கொல்வோர்க்கு வாழ்நாள் வேட்டை உரிமம் பரிசளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. எங்கே எளிதிற் கிடைக்கிறதோ அங்கேயே வெகுமதிக்காக வேட்டையாடுவர்; எங்கே மான்கன்று ஈனப்படுகிறதோ அங்கன்று. குறித்த இடமும் குறித்த பருவமும் தேவைப்படும் வேலைக்கு, இடமும் பருவமும் அறியாத வெகுமதி கருவியாகாது. விஞ்ஞானம் கைவிட்டதை வாக்குவேட்டை கையிலெடுத்துள்ளது.

அதற்கு இரையாவது கயோட்டி மாத்திரமுமன்று. காட்டில் அற்றுப்போனதென 1980இல் அறிவிக்கப்பட்ட செவ்வோநாய், கூண்டில் வளர்க்கப்பட்டு 1987இல் வட கரோலைனாவில் மீண்டும் காட்டில் விடப்பட்டது. இன்று காட்டில் வாழ்வன சில பத்துக்களுக்கு மேற்படா. அவற்றின் சாவுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று துப்பாக்கி. விடியலின் மங்கிய ஒளியிலும் இரவிலும் அதனைக் கயோட்டியினின்று பிரித்தறிதல் அரிது. இதுபற்றியே 2014இற் கூட்டாட்சி நீதிமன்றமொன்று ஐந்து மாவட்டங்களிற் கயோட்டி வேட்டைக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2021இன் இறுதியில் நியூ யோர்க் மாநிலத்திற் கயோட்டியெனச் சுடப்பட்ட விலங்கொன்று, மரபணுச் சோதனையிற் சாம்பல் ஓநாயெனத் தெரியவந்தது. ஒரு தலைமுறையின் உழைப்பு ஒரு விரலசைவில் வீணாகும் ஆபத்து இதிலுண்டு.

கயோட்டி அகன்ற இடம் வெறுமனே கிடப்பதுமில்லை. மேற்கு டெக்ஸாசிற் கயோட்டிகளை அகற்றிய ஆய்வாளர், முயல்கள் பெருகியதையும், சாம்பல் நரி முதலிய சிறிய ஊனுண்ணிகள் மிகுந்ததையும், எலியினங்களின் வகை குறைந்ததையும் கண்டனர். கலிபோர்ணியாவின் சான் டியேகோ நகர்ப்புறப் பள்ளத்தாக்குகளிற் கயோட்டி இல்லாதவிடத்துப் பூனைகள் மிகுந்து, புதர்ப் பறவைகள் அருகின என 1999இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஓர் இழையை அறுப்பவன் ஓர் இழையை மாத்திரம் அறுப்பதில்லை.

மறுபக்கத்தாரின் மிகைக்கூற்றையும் இங்குச் சுட்டாது விடுதல் தகாது. 'ஒன்றைச் சுட்டால் இரண்டு பிறக்கும்' என்பது அவர்தம் முழக்கம். குறைவை ஈடுசெய்யும் ஆற்றல் கயோட்டிக்கு உண்டென்பது மெய். கொல்லக் கொல்ல முன்னிருந்ததினும் பெருகும் என்பது நிறுவப்பட்டதன்று. அன்றியும், ஆட்டுப்பட்டியிற் புகுந்து குட்டிகளைக் கொல்லும் குறித்த கயோட்டியை ஆட்டுக்காரன் அகற்றுவது அவன் பிழைப்பைச் சார்ந்தது. காவல்நாயும் வேலியும் முதற்கண் வேண்டுமெனினும், அவன் உரிமையை மறுத்தல் நகரத்தார் நாட்டுப்புறத்தார்க்கு இழைக்கும் அநீதி. ஆனால் மான் வேட்டைக்காரன் ஆட்டுக்காரனல்லன். அவனுக்குப் பட்டியுமில்லை, அவன் கண்ட கயோட்டி குற்றஞ்செய்த கயோட்டி என்பதற்குச் சான்றுமில்லை.

இவ்விலங்கின்மீதுள்ள வெறுப்பு ஆய்வுக்கு முந்தியது. 1872இல் வெளியான பயண நூலில் மார்க் ட்வெயின் அதனைக் கோழையாகவும் இழிந்ததாகவும் நகையாடினார். அமெரிக்கப் படிப்பாளிகள் பலர் அவ்வோவியத்தையே மெய்யெனக் கொண்டனர். அந்நாட்டு ஆதிக்குடிகளின் கதைகளிலோ கயோட்டி தந்திரக்காரனும் உலகை ஒழுங்கு செய்தவனுமாய்த் தோன்றும். தமிழர் கதைகளில் நரி வஞ்சகத்தின் உருவாய் நிற்பதை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. மனிதன் தன் குணங்களை விலங்கின்மேல் ஏற்றிப் பின்னர் அதற்காகவே அதனைத் தண்டிக்கிறான். எத்தனை உடல்கள் வீழ்ந்தன என எண்ணிப் பரிசு கொடுக்கும் கயோட்டிக் கொலைப் போட்டிகள் இத்தண்டனையின் முடிந்த வடிவம். 2014இற் கலிபோர்ணியாவும், 2018இல் வேர்மொன்றும், 2019இல் நியூ மெக்சிக்கோவும், 2023இல் நியூ யோர்க்கும் அவற்றைத் தடுத்தன. வேட்டையாடுவோர் அந்நாட்டு மக்களில் இருபதில் ஒருவர் அளவினரே. உண்பதற்காகக் கொல்கிறோம், தேவைக்கு மேற் கொல்வதில்லை என்னும் அறத்தை ஏனையோர் நம்பும்வரையிலேயே வேட்டைக்கு அங்கே இடமுண்டு. உண்ணாத, உரிக்காத, வேலியிலே தொங்கவிடப்பட்ட கயோட்டியின் உடல் அந்நம்பிக்கையை அழிப்பதற்கு வேட்டை எதிர்ப்பாளரின் நூறு துண்டுப்பிரசுரங்களினும் வலியது.

மீண்டும் அந்த நவம்பர் விடியலுக்கு வரலாம். கயோட்டி ஒருகணம் நின்று மோந்து பார்த்து, மரங்களிடையே மறைகின்றது. வேட்டைக்காரன் சுடவில்லையாயின் அவன் மானுக்கு எத்தீங்கும் இழைத்தவனல்லன்; சுட்டிருப்பின் எந்த நன்மையும் செய்திருக்கமாட்டான். மானைக் காக்கும் விருப்பம் மெய்யாயின் அதற்குரிய தருணம் சற்றுப் பின்னர் வரும்: பிணைமான் ஒன்று அதே சருகின்மீது வந்து நிற்கும்போது, அவ்வட்டாரத்தில் மான் குறைந்துள்ளதை அறிந்த அவன், துப்பாக்கியைத் தாழ்த்துகிறானா என்பதே சோதனை. அச்சோதனையில் தேறாதவன் கயோட்டியைக் குற்றஞ்சாட்டும் தகுதியற்றவன். தேறியவனுக்கோ கயோட்டியைச் சுடவேண்டிய தேவையே இராது.